சித்தி கை நீட்டிய தவக்காலம்

என் மேல் முதலில் வந்தது நாற்காலிதான். கைப்பிடி வைத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கல்யாண வீடுகளுக்கு நான் வாடகைக்கு விடுவது. முற்றத்தில் குனிந்து நின்று ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்மண்டையில் தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து மேலே பார்த்தேன், அந்த இடத்தில் தென்னை கிடையாது. திரும்பினால் என் சித்தி அடுக்கிலிருந்து அடுத்த நாற்காலியை உருவிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியத் தொடைச்சிட்டு நிக்கியாலே? வீட்டுக்குள்ள சவம் கெடந்து நாறுது, இவன் பெட்டியத் தொடைக்கான்!"

"எந்தச் சவம் சித்தி?"

"நீதாம்லே!"

அடுத்தது முழங்காலில் பட்டது. நாற்காலியின் கால் இரண்டாக முறிந்தது. என் கால் முறியவில்லை. வாழ்க்கையில் ஏதோ ஒரு பொருளைவிட நான் உறுதியாக இருந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடற்கரையில் இருக்கிறது. பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மாதா கோயிலில் கல்யாணம் நடக்காது என்பதால் அந்த நாட்களில் நாற்காலியெல்லாம் முற்றத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். நானும் அவற்றோடு சும்மா கிடப்பேன். ஊரில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு, ஆனால் அது மைக்கின் ஸ்விட்சைப் போட்டால் மட்டும். வீட்டில் அந்த ஸ்விட்ச் கிடையாது.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா இறந்த பிறகு எங்களோடு இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. உடம்பில் தெம்பு இருந்த காலம் முழுக்க மீன் சுமந்து விற்றவள். அவள் கூவினால் நாலு தெருவுக்குக் கேட்கும், ஆனால் யார் மேலும் கை வைத்ததில்லை. பஸ்ஸில் மீன் கூடையை ஏற்றவிடாத கண்டக்டரைக்கூட வாயால் மட்டும்தான் கொன்றிருக்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவள் மெல்ல மெல்ல அணைந்துபோனாள். முகம் வீங்கியது. மார்கழிக் குளிர் மாதிரி பங்குனியிலும் போர்வை கேட்டாள். ஜெபமாலை சொல்லும்போது பாதியில் தூங்கிப்போவாள். ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு சுரப்பு குறைவு, தினமும் காலையில் மாத்திரை போட வேண்டும் என்றார்கள். போட்டாள். அடுத்த தடவை ரத்தம் பார்த்தபோது பத்தவில்லை என்று அளவைக் கூட்டினார்கள். அப்புறமும் பத்தவில்லை, இன்னும் கூட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர் "வெறும் வயித்திலதானே போடுறாங்க?" என்று கேட்பார். "ஆமா டாக்டர்" என்று நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சொல்லுவேன். அப்படியே ஒரு பெரிய அளவில் வந்து நின்றது. சித்தியும் ஒரு மாதிரி எழுந்து நடமாட ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் என் மகள் ஜெர்மன் மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நர்சிங் முடித்த பிள்ளைகளெல்லாம் இப்போது அந்தப் பக்கம்தான் பார்க்கிறார்கள். அவள் கொச்சியில் விடுதியில் தங்கிப் படிக்க, பதற்றம் மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்த சித்தி அறிவித்தாள்.

"பிள்ளைக்க பரீட்சைக்காவ நான் காப்பிய விட்டிருக்கேன். ஈஸ்டர் வர தொடமாட்டேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. சித்தி கருப்பட்டிக் காப்பியில் உயிர் வாழ்கிறவள். கண் திறக்கும் முன்னால் கையில் டம்ளர் இருக்க வேண்டும். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் எதையாவது விடலாமா என்று தோன்றியது. என்னிடம் விடுகிற மாதிரி நல்ல பழக்கம் எதுவும் இல்லை, கெட்டதை விட மனசில்லை.

முதல் வாரங்கள் நன்றாக இருந்தன என்பதுதான் கொடுமை. சித்திக்கு ஒரு சுறுசுறுப்பு வந்தது. போர்வையைத் தூக்கி எறிந்தாள். அறைகளைக் கழுவினாள். கழுவிய அறைகளை மறுபடியும் கழுவினாள். முகத்தின் வீக்கம் வற்றி எலும்பு தெரிந்தது. கை நடுங்கியது. உடம்பெல்லாம் எரிகிறது என்று தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தாள். மெலிந்தது நோன்பால், நடுக்கம் பட்டினியால், எரிச்சல் பங்குனி வெயிலால், தூங்காமல் நடப்பது பக்தியால் என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் விளக்கம் இருந்தது. பெருமையாக நாலு பேரிடம் சொல்லவும் செய்தோம்.

பிறகு அடி தொடங்கியது.

மீன் செதில் ஒன்று குழம்பில் கிடந்ததற்காக என் மனைவியைக் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையைத் தானே பார்த்து மிரண்டு நின்றாள். மறுநாள் மிரளவில்லை. கொதிக்கிற மீன் சட்டியைக் காலால் தள்ளிவிட்டதில் மனைவியின் பாதம் வெந்து தோல் உரிந்தது. பால்காரர் மணியடித்த சத்தம் பொறுக்காமல் அவர் சட்டையைப் பிடித்து மதிலோடு சேர்த்து இடித்தாள், அவர் முன்பல் உதட்டைக் கிழித்துவிட்டது. என்னை அடித்ததெல்லாம் கணக்கில் சேராது. நான் கையில் கிடைக்கிற தூரத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

"நீங்க ஒரு ஆம்பளதானா? எங்கயாவது கொண்டு காட்டப்பிடாதா?" என்றாள் மனைவி, வெந்த காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு.

"ஈஸ்டர் முடியட்டும். நோன்பு எறங்கினா கோவமும் எறங்கும்."

"அதுக்குள்ள நம்ம ரெண்டுபேரையும் மண்ணுக்குள்ள எறக்கிடுவா."

அவள் சொன்னது ஏறக்குறைய நடந்தது. ஒரு மத்தியானம் மனைவி மரச்சீனிக்கிழங்கு அவித்து, "சித்தி, ரெண்டு துண்டாவது தின்னுங்க, ஒடம்பு ஓட்டையாப் போச்சு" என்று தட்டை நீட்டினாள். சித்தி தட்டைப் பார்த்தாள். அவள் கண்கள் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன.

"வெசம் வச்சிருக்கியாட்டி?"

"ஐயோ சித்தி..."

"என்னைய சாவடிச்சிட்டு எனக்க அறையில நீ கட்டிலு போடணும், இல்லியா?"

அடுக்களைச் சுவரில் வெட்டோத்தி சாய்ந்திருந்தது. தென்னை மட்டையிலிருந்து பெரிய மீனின் தலைவரை எல்லாம் வெட்டுகிற கனமான கத்தி அது. நடுங்குகிற கையில் அதை எடுத்துக்கொண்டு சித்தி மனைவியின் மேல் பாய்ந்தாள். மனைவி கால் சரியில்லாதவள், ஓட முடியவில்லை. நான் குறுக்கே கையை நீட்டினேன். வீரம் என்று நினைத்துவிடக் கூடாது, ஓங்கிய சித்தியிடம் "பொறு பொறு" என்று சொல்லத்தான் நீட்டினேன். உள்ளங்கை குறுக்காகப் பிளந்தது. வலி வரவில்லை. கைக்குள்ளே வெள்ளையாக என்னமோ தெரிந்தது. அதன் பிறகு ரத்தம் வந்தது, முழங்கை வழியாக ஒழுகி மரச்சீனித் தட்டில் சொட்டியது. மனைவி அலறிய அலறலுக்கு மைக் தேவைப்படவில்லை.

அலறல் கேட்டு ஓடி வந்தவர்களில் மாமாவும் இருந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் தம்பி. அடுத்த தெரு. விசைப்படகு ஓட்டியவர். கடலில் எந்தச் சிக்கல் வந்தாலும் கயிறு போட்டே சமாளித்தவர் என்பதால் கரையிலும் அவரிடம் அது ஒன்றுதான் கருவி. முற்றத்தில் கிடந்த என் பந்தல் கயிற்றை எடுத்தார். பின்னாலிருந்து சித்தியை வளைத்துப் பிடித்தார். அவள் அவர் காதைக் கடித்தாள். விட்டாரில்லை. வெட்டோத்தி கீழே விழுந்தது. அந்த மெலிந்த உடம்பை அடக்க மூன்று ஆண்கள் வேண்டியிருந்தது. மண்ணில் போட்டு முதுகில் முட்டியை வைத்து அழுத்தி, கையைப் பின்னால் முறுக்கி, இழுத்துக்கொண்டு போய் மதிலோரத் தென்னையில் கட்டினார்கள். அவள் வாயில் மண் ஒட்டியிருந்தது. துப்பினாள். கூட்டத்தில் ஒரு பெண் சிலுவை அடையாளம் போட்டாள்.

மாமா காதைப் பொத்திக்கொண்டு மூச்சு வாங்கினார். விரலிடுக்கில் ரத்தம்.

"இது ஆஸ்பத்திரிக்குள்ள சீக்கு இல்ல மக்கா. மலையோரம் ஒரு ஜெபவீடு உண்டு. ஜீப்புக்குச் சொல்லியாச்சு. கொண்டு விட்டிருவோம்."

அந்த ஜெபவீட்டை எனக்குத் தெரியும். ஒரு தடவை அங்கே மைக் செட் கட்டப் போயிருக்கிறேன். அங்கே கொண்டு விடப்பட்டவர்களின் காலை ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் பூட்டியிருந்தார்கள். வருஷக்கணக்காக யாரும் வந்து பார்க்காதவர்கள். அவர்களில் ஒருவர் என் ஸ்பீக்கரிலிருந்து பாட்டு வந்ததும் பூட்டிய காலோடு ஆட முயன்றார்.

ஆனாலும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கையில் துண்டைச் சுற்றி அழுத்திக்கொண்டு, என் மனைவி உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. அப்போது சித்தி கூப்பிட்டாள். கத்தவில்லை.

"மக்கா. இங்க வா."

போனேன், கடிக்கு எட்டாத தூரம் வரை.

"கையில நல்லா பட்டுட்டா?"

"கொஞ்சமா சித்தி."

"எனக்கு என்னமோ ஆவுதுலே. நெஞ்சு கெடந்து ஓடுது. நான் நிறுத்தணும்னுதான் பாக்கேன், நிக்கமாட்டேங்குது. நான் யாருண்ணே எனக்குத் தெரியல்ல." அவள் உதடு துடித்தது. "அங்க கொண்டு விடாத மக்கா. அங்க விட்டா நான் செத்துருவேன்."

அவள் கழுத்தைப் பார்த்தேன். நரம்பு தோலுக்கு அடியில் பிடிபட்ட மீன் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. நல்ல கையால் அவள் மணிக்கட்டைத் தொட்டேன். ஒரே ஓட்டம், நடுவில் தடுக்கி விழுந்து மறுபடி ஓட்டம். பேய் பிடித்தால் நாடி இப்படித் தாளம் தப்புமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இது இதயம், இதை டாக்டர்கள் பார்ப்பார்கள் என்ற அளவுக்கு எனக்கே தெரிந்தது.

"மாமா, நான் கை தைக்க நாகர்கோவிலுக்குப் போவணும். சித்தியையும் கொண்டு போறேன்."

"ஒனக்கு மூளை கலங்கிட்டாலே? வழியில ஒன்னைக் கொன்னு போடுவா."

"ஜீப்ப வேண்டாம்னு சொல்லுங்க."

"எனக்க அக்காவ எங்க கொண்டு போவணும்னு நீ சொல்லாத!"

அவர் என் நெஞ்சில் தள்ளினார். நான் பதிலுக்குத் தள்ளினேன். அறுபது தாண்டியவரும் ஐம்பது தாண்டியவரும் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று ஊருக்கு அன்று தெரிந்தது. அவர் என் தாடையில் ஒன்று விட்டார், கடலில் வலை இழுத்த கை. நான் நாற்காலி அடுக்கின் மேல் விழ, அடுக்கு என் மேல் விழுந்தது. அடியில் கிடந்துகொண்டே அவர் காலைப் பிடித்து இழுத்தேன். அவரும் விழுந்தார். என் மனைவி நொண்டிக்கொண்டே வந்து அரிவாள்மனையால் தென்னையில் இருந்த கயிற்றை அறுத்தாள். சித்தி வெட்ட வந்தது அவளைத்தான். அவள்தான் அறுத்தாள்.

நாற்காலி ஏற்றுகிற என் மினி லாரியின் பின்னால், கைகளைத் துண்டால் கட்டியபடி, மனைவி மடியில் தலை வைத்துச் சித்தி கிடந்தாள். ரத்தம் சுற்றிய கையோடு நான் முன்னால் உட்கார்ந்தேன். கயிறு அறுந்ததைப் பார்த்து எழுந்து வந்த மாமாதான் ஓட்டினார். ஜீப்பைத் திருப்பி அனுப்பியதற்கு என்னை வழி முழுக்க ஏசினார், ஆனால் பள்ளம் வந்த இடத்திலெல்லாம் மெதுவாக இறக்கி ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் சித்தி இதயப் படம் எடுக்கிற வயர்களைப் பிய்த்து எறிந்தாள். ஒரு நர்ஸின் வயிற்றில் உதைத்தாள். இதுவரை தைராய்டு பார்த்த டாக்டர் லீவில் இருந்தார், அவருக்குப் பதில் ஒரு டாக்டரம்மா வந்தார். சித்தியின் கண்ணையும் நடுங்கும் விரலையும் பார்த்தார், பழைய சீட்டுகளைப் புரட்டினார். பக்கத்துக் கட்டிலில் எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளுத்துப்போய்ச் சரிவதைப் பார்த்து, "இவருக்கு ஒரு காப்பி குடுங்க. அந்த அம்மாவுக்கும் ஒண்ணு" என்றார் டாக்டரம்மா.

டம்ளர் சித்தி வாய்க்கு அருகில் போனதும் தட்டிவிட்டாள். காப்பி டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் கொட்டியது.

"நோன்பாக்கும்! சாம்பல் புதன்ல விட்டாச்சு! என்னைய நரகத்துல தள்ளப் பாக்கியளா?"

டாக்டரம்மா கோட்டைத் துடைக்காமல் நின்றார்.

"அதுக்கு முன்னால எப்பல்லாம் குடிப்பாங்க?"

"காலத்த கண்ணு முழிச்ச ஒடனே" என்றாள் மனைவி. "தைராய்டு மாத்திரையே காப்பியிலதான் விழுங்குவா."

"வெறும் வயித்திலன்னு சீட்டுல எழுதியிருக்கே."

"வெறும் வயிறுதான் டாக்டர்" என்றேன் நான், தையல் ஊசிக்கு நடுவே. "காப்பி மட்டும்தான்."

"காப்பி சாப்பாடு இல்லியா?"

"காப்பி எப்படி டாக்டர் சாப்பாடாவும்?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். "இப்ப எதுல போடுறாங்க?"

"பச்சைத் தண்ணி."

"வேற என்னல்லாம் விட்டிருக்காங்க?"

"முட்டாயும் விட்டாச்சு" என்றாள் சித்தி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"என்ன முட்டாயி?"

மனைவிதான் விளக்கினாள். "முட்டுவலிக்குத் தந்த கால்சியம் மாத்திரை டாக்டர். சவச்சுத் தின்னுறது. ஆரஞ்சு ருசியா இருக்கும். ருசியா இருக்கப்பட்டத நோன்புல தின்னப்பிடாதுன்னு அதையும் விட்டுட்டா."

"அது எப்ப திம்பாங்க?"

"அதே காப்பி கூடத்தான்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தி உதைத்தாள். உதை வாங்கிய பிறகும் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இத்தன வருஷமும் மாத்திரையில பாதி ஒடம்புல சேரவே இல்ல. காப்பியும் கால்சியமும் சேரவிடாது. சேராததப் பாத்து, பத்தலன்னு நாங்க கூட்டிட்டே போனோம். இப்ப ரெண்டையும் ஒரே நாள்ல விட்டுட்டாங்க. கூட்டி வச்ச அளவு முழுசும் உள்ள எறங்குது. கோவம், நடுக்கம், தூக்கமில்லாம அலையிறது எல்லாம் அதுதான்." சித்தியின் மணிக்கட்டைப் பிடித்தார். அங்கே கயிறு தோலை உரித்திருந்தது. "யாரு கட்டுனது?"

மாமா வாசலில் நின்றார். கடிபட்ட காதைத் தடவிக்கொண்டார்.

"இந்த வயசுல இதயம் இப்படி ஓடினா தாங்காது. எங்கயாவது கொண்டு பூட்டிப்போட்டிருந்தீங்கன்னா, பூட்டுன எடத்துலயே நின்னுருக்கும்."

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. தைராய்டு மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்தி, இதய ஓட்டத்தை இறக்க வேறு மாத்திரை கொடுத்தார்கள். உடனே குணமாகிவிடும் என்று நான் நினைத்தேன். ஏற்கெனவே உள்ளே போனது அவ்வளவு சீக்கிரம் வெளியேறாதாம். வார்டில் இன்னும் இரண்டு பேர் அடி வாங்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சில்வர் டம்ளர் என் தலையை நோக்கி வந்து சுவரில் பட்டது. குறி தவறியதைத் தேறுகிற அறிகுறியாக எடுத்துக்கொண்டோம்.

பிறகு முன்னைவிடக் குறைந்த அளவில் மாத்திரையைத் தொடங்கினார்கள். எழுந்ததும் தண்ணீரில் விழுங்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி, கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒன்றரை மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது கொஞ்சம் குறைவு, ஒரு படி ஏற்றினார்கள். ஈஸ்டர் முடிந்து காப்பி திரும்பியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் சித்தி கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து அதை ஏசுவாள். மகள் பரீட்சையில் ஒரு பகுதியில் தோற்றுவிட்டாள். "அடுத்த நோன்புக்கு ஒனக்க அப்பன் எதயாவது விடட்டும். நான் விட்டது போதும்" என்று போனில் சொன்னாள் சித்தி. என் மனைவியின் காலில் எண்ணெய் தடவிவிட்டாள், தினமும். என் கையை மட்டும் பார்க்கமாட்டாள்.

மாமா அத்தனை நாளும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நெய்மீன் வாங்கிக்கொண்டு வந்தார். காதில் தையல் தழும்பு. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சித்தி அவரைப் பார்த்தாள். முகம் ஒட்டவும் இல்லை, வீங்கவும் இல்லை, மீன் விற்ற காலத்து முகம். மணிக்கட்டில் கயிறு பட்ட இடம் கறுத்திருந்தது.

"சொகமாக்கா?"

"சொகந்தான். கிட்ட வாலே."

வந்தார். எழுந்து நின்று, அவசரப்படாமல், கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். நெய்மீன் மண்ணில் விழுந்தது.

"என்னைய மண்ணுல போட்டு முட்டி வச்சு அழுத்தினியே. மாட்டுக்கு கூட அப்படிச் செய்யமாட்டாங்களேலே."

மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். சித்தி மீனை எடுத்துக் கழுவிக் குழம்பு வைத்தாள். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார், மறு சோறும் வாங்கினார்.

மறுநாள் காலையில் மனைவி சித்தியை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தவணை வர இன்னும் நாள் இருந்தது, ஆனால் எங்களுக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் முடிவு வந்தது. டாக்டரம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். அளவு மிகச் சரியாக இருக்கிறது, இதையே தொடருங்கள் என்றார்.

மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப நேத்து அடிச்சது மாத்திரை இல்லியா?"

"இல்ல மாமா."

"அக்காதானா?"

"சித்திதான்."

"நல்லது மக்கா" என்றார். மறுபடியும் சொன்னார், "நல்லது."